அக்காவின் எட்டுப் பொத்தான் பெட்டி

எங்கள் அக்கா எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொந்தபந்தம் முழுக்க இதைச் சொல்லித்தான் அவளைப் புகழும். கல்யாண வீட்டில் காய் நறுக்க வருகிறாயா என்றால் தலையாட்டுவாள். வேனில் இடமில்லை, நீ மட்டும் பஸ்ஸில் வந்துவிடு என்றாலும் தலையாட்டுவாள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் பண்ணுவேன். என்ன சொன்னாலும் "சரிலே, சரிலே, வையி" என்பாள். தங்கமான மனுஷி என்று நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் தன் மகள் கல்யாணத்தில் ஆட்டிய ஒரு தலையாட்டல்தான் என்னை ஒரு சங்கீத வாத்தியம் செய்ய வைத்தது.

மாப்பிள்ளையின் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். ரசத்துக்குத் தாளிக்கிற சத்தம் கேட்டால்கூட ஸ்ருதி சேரவில்லை என்று சொல்லக்கூடிய ஆள். கல்யாணப் பந்தியில், ஒரு பக்கம் நாதஸ்வரமும் மறுபக்கம் ஜெனரேட்டரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அக்காவின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். அக்கா சிரித்த முகமாகத் தலையாட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வருஷம் கழித்து மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்தபோதுதான், அவர் கேட்டது "சம்பந்தியம்மாவுக்கு ஆர்மோனியம் வாசிக்க வருமா" என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. சம்பந்தியம்மா வளைகாப்பு அன்று ஒரு தாலாட்டு வாசிப்பார்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

அக்காவுக்கு ஆர்மோனியத்தில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றுகூடத் தெரியாது. இருபத்தேழு வருஷம் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு நின்றவள். எதற்காக இந்தப் பெருமைப் பொய் என்று எனக்கு எரிச்சல் வந்தது. நேரே போய்க் கேட்டேன். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் என் முகத்தையே பார்த்தாள்.

"தலைய ஆட்டிட்டேன்லே. இனி வாசிக்கலைன்னா அந்த வீட்டுல எம் மகளுக்குத்தான் தலகுனிவு. நீ கரண்டு வேல தெரிஞ்சவன்தான, எனக்குத் தோதா ஒரு பெட்டி செஞ்சு குடு."

நான் மில்களுக்கு மின்னணு போர்டு பழுது பார்க்கிறவன். இழை அறுந்தால் மிஷினை நிறுத்தி விளக்கை எரிய வைக்கிற போர்டுகள். சங்கீதத்தில் எனக்குச் சுத்த சூனியம். தேசிய கீதத்தைக்கூட எல்லாரும் எழுந்து நிற்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். கடையில் ஒரு கீபோர்டு வாங்கித் தந்துவிடலாம் என்று அக்காவைக் கூட்டிப் போனேன். அறுபத்தோரு கட்டைகளையும் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் எவன் துடைக்கது" என்று கேட்டு வெளியே வந்துவிட்டாள். ஆகவே எட்டே பொத்தானில் ஒரு விளையாட்டு வாத்தியம் செய்வது என்று முடிவானது. எங்கள் அம்மா பாடிய தாலாட்டுக்கு ஐந்து ஸ்வரம் போதும் என்று என் மனைவி சொன்னாள். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, வீட்டில் ஸ்வரம் தெரிந்த ஒரே ஆள். மீதி மூன்று பொத்தானும் தப்பு பண்ணுவதற்கு என்று நானே வைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குச் சாப்பாட்டு டப்பா ஒன்றை எடுத்தேன். பொத்தான்கள் பழைய மில் பேனலில் கழற்றியவை. கட்டைவிரல் அகலம், பச்சை நிறம், குத்தினால்தான் இறங்கும். உள்ளே ஒரு சின்ன சிப், ஒரு ஸ்பீக்கர். இதுவரைக்கும் எந்தப் பைத்தியக்காரனும் செய்வதுதான். அதற்கு மேல் நான் செய்ததை மில்காரன் மட்டும்தான் செய்வான்.

தாலாட்டின் வரிசையை சிப்பில் ஏற்றினேன். சரியான பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரியும், ஸ்வரம் வரும். தப்பான பொத்தானை அமுக்கினால் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும், 'கீ' என்று அலாரம் அடிக்கும். சரியான பொத்தானை அமுக்கும் வரைக்கும் பெட்டி எதற்கும் மசியாது. அதாவது இழை அறுந்தது, வந்து கட்டு என்று பொருள். மேலே ஒரு சின்ன எண் பலகை. எத்தனை தடவை அறுந்தது என்று காட்டும். இப்படி ஒரு வாத்தியத்தை உலகத்தில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்று பெருமைப்பட்டேன். அது உண்மைதான் என்றாள் என் மனைவி.

அவள் அதை முதலில் தன் வகுப்புக்கு எடுத்துப் போனாள். கற்றுக்கொள்கிற பிள்ளைகளிடம் சோதித்தால்தானே பொருளின் லட்சணம் தெரியும். காலையில் இரண்டு பிள்ளைகள் சிவப்பு விளக்கைப் பார்த்து அழுதன. அம்மா மில்லுக்குப் போகிற ஒரு பெண் குழந்தை மட்டும் அழாமல், விளக்கு எரிந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு, யாராவது வந்து பார்க்கட்டும் என்று காத்து நின்றது. மத்தியானத்துக்குள் மற்ற பிள்ளைகள் தெளிந்துவிட்டன. யார் அதிகமாக அறுக்கிறார்கள் என்று போட்டி வைத்து, எண் பலகையை இருநூற்றுக்கு மேல் கொண்டுபோய்விட்டன. தாலாட்டை ஒருவரும் முடிக்கவில்லை.

"இது வெளையாட்டுச் சாமான் இல்ல, மில்லு மேஸ்திரி. தப்புப் பண்ணுனா சத்தத்தப் புடுங்கிட்டு மூஞ்சியில லைட்டடிக்கிது" என்றாள் மனைவி.

அலாரத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியை அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்கு அது பார்த்ததும் பிடித்துவிட்டது. பச்சை எரிந்தால் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் நிற்கிறது, இதில் என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது என்று உட்கார்ந்தாள். நாள் முழுக்க அறுந்த இழையைக் கட்டிய விரல்கள் அவை. பொத்தானில் எங்கே வைத்தோம் என்பதை மறக்காது. ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை அறுந்தது என்று மில்லில் ஷிஃப்டு பலகையில் எழுதுவது போலச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தாள். நாற்பத்தாறில் ஆரம்பித்தது, இரண்டு வாரத்தில் பன்னிரண்டுக்கு இறங்கியது.

தெருதான் தாங்கவில்லை. அந்த ஸ்பீக்கர் மில் அறிவிப்புக்கு உள்ளது. விடியற்காலை ஐந்து மணிக்கே தாலாட்டு ஆரம்பித்தால் தூங்குகிற பிள்ளையெல்லாம் எழுந்து அழுதது. தெருநாய்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டன. பக்கத்து வீட்டு வெள்ளை நாய் ஒன்று மட்டும் அக்காவின் காலடியில் வந்து நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். அது பிறவியிலேயே செவிடு. நம் ஊர் வெள்ளை நாய்களில் சிலது அப்படித்தான் பிறக்கும் என்று நாயை வளர்க்கிறவர் சொன்னார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தது அந்த நாயும் எங்கள் அக்காவும்தான்.

தெருக்காரர்கள் என்னிடம் முறையிட்டார்கள். ஒருநாள் பழுது பார்ப்பது போல டப்பாவைத் திறந்து, சத்தத்தைக் கால்வாசியாகக் குறைத்து மூடிவிட்டேன். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதே முகத்தோடு வாசித்தாள். எவ்வளவு அனுசரணை, தங்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் நடக்கிறபோது எனக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் மில். மில்லுக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. உள்ளங்கையை விரித்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது, மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். வீட்டிலும் அடுப்படியிலிருந்து வாசலுக்கு அப்படியே பேசிக்கொள்வோம். வாயைத் திறந்தால் எல்லாரும் கத்துவோம், எல்லாரும் அடுத்தவர் வாயையே பார்ப்போம். இதில் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அத்தான் பட்டாளத்திலிருந்து வந்து கோயம்புத்தூரில் காவல் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் போகிறவர். அவரிடமிருந்தும் தகவல் வர வாய்ப்பில்லை.

வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்பு சுவரில் பூஜ்யம் விழுந்தது. ஒரு இழைகூட அறுக்காமல் தாலாட்டை முழுதாக வாசித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என் பரம்பரைக் குணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பொம்மைக் கடைக்காரரிடம் பெட்டியின் படத்தைக் காட்டியிருந்தேன். பிள்ளைகள் பொருள் என்றால் தப்பாக அமுக்கினாலும் சபாஷ் சொல்ல வேண்டும், இது போலீஸ் ஜீப்பு மாதிரி இருக்கிறது என்றார் அவர். அது மனதில் கிடந்து உறுத்தியது. போலீஸ் பேண்டில் இருந்த மனுஷன் முன்னால் சாப்பாட்டு டப்பாவில் சிவப்பும் பச்சையும் மின்னினால் நம் மானம் என்ன ஆகும் என்றும் தோன்றியது. பெட்டிக்கு ஒரு மெருகு போட்டுத் தருகிறேன் என்று அக்காவிடம் கேட்டேன். முதுகைக் காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து அதை வாத்தியமாக்கினேன். தேக்குப் பலகையில் பெட்டி, மேலே வார்னிஷ். விளக்குகள் இரண்டையும் கழற்றினேன், எண் பலகையைக் கழற்றினேன், தப்பானால் நிற்கிற ஏற்பாட்டை சிப்பிலிருந்து அழித்தேன். இப்போது எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்த ஸ்வரம் வரும், அவ்வளவுதான். பூஜ்யம் எடுத்தவளுக்கு விளக்கு எதற்கு? வளைகாப்பு அன்று காலையில்தான் பசை காய்ந்தது. பெட்டியை நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

சம்பந்தி வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன, ஐந்து வகைச் சாதம் மணத்தது. மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். கை நிறைந்ததும் சம்பந்தி எழுந்து நின்றார். வயிற்றுப் பிள்ளைக்கு முதலில் எட்டுவது வளையல் சத்தம், அடுத்தது அம்மாச்சியின் தாலாட்டாக இருக்கட்டும் என்று பேசி, கிளாரினெட்டைத் துடைத்து வைக்கிற பட்டுத் துணியைக் கீழே விரித்து, அதன்மேல் என் பெட்டியை வைத்தார். அக்கா அதன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

பெட்டியைத் திருப்பினாள். பக்கவாட்டில் தடவினாள். அடியில் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து உள்ளங்கையை விரித்து மூடினாள். ஓடுகிறதா, நிற்கிறதா? நான் கையை விரித்துக் காட்டினேன். ஓடுகிறது, வாசி. அவள் முதல் பொத்தானைக் குத்தினாள்.

இந்தத் தடவை நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கவில்லை. ஸ்வரம் கூடத்தை நிரப்பியது. சுவரோரம் தூங்கிய ஒரு குழந்தை திடுக்கிட்டு எழுந்தது. அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே, மில்லில் கூப்பிடுகிற குரலில் கேட்டாள்:

"ஏலே, இது ஓடுதா நிக்கா? லைட்ட எங்க?"

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

 மூன்று மாதமாக அவள் சங்கீதம் வாசிக்கவில்லை, விளக்கு வாசித்தாள். அந்த விளக்கைத்தான் நான் கழற்றிவிட்டு வார்னிஷ் அடித்திருக்கிறேன். கூடத்தில் எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். மகள் எழப் பார்த்தாள். வளையல் நிறைந்த கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் வளையல் தட்டுக்குப் போனேன். பச்சை வளையல் ஒரு கொத்து, சிவப்பு வளையல் ஒரு கொத்து எடுத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பச்சையைத் தூக்கிக் காட்டினேன். அக்காவின் முகம் தெளிந்தது. வாசிக்க ஆரம்பித்தாள். அவள் ஒரு பொத்தான் அமுக்க, நான் ஒரு பச்சை காட்ட, அடுத்தது அமுக்க, மறுபடி பச்சை. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். எனக்கு அவள் சரியாக வாசித்தாலும் ஒன்றுதான், தப்பாக வாசித்தாலும் ஒன்றுதான் என்பது ஞாபகமே இல்லை.

ஏழாவது ஸ்வரத்தில் சம்பந்திக்கு முகம் கோணியது. எட்டாவதில் பல்லைக் கடித்தார். நான் ஒன்பதாவதுக்கும் பச்சை காட்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை. பட்டுவேட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்து இரண்டு கொத்தையும் பிடுங்கி, சிவப்பைத் தூக்கினார்.

அக்காவின் விரல் அப்படியே நின்றது. இழை எங்கே அறுந்தது என்று தேடி, பக்கத்துப் பொத்தானுக்கு நகர்ந்தாள். பச்சை எழுந்தது. அவர் அக்காவுக்கு முகம் தெரிகிற மாதிரி நிமிர்ந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எம் மூஞ்சியப் பாத்து வாசிங்கம்மா. பேண்டுல டிரம் பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் இப்படித்தான் ஆகும். நாங்க பேண்டு மாஸ்டர் கையப் பாத்துத்தான் வாசிச்சோம்."

அக்கா தலையாட்டினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். போலீஸ் பேண்டில் இருந்தவர் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் வைத்துக்கொண்டு தாளம் போட, அவள் வாசித்தாள். நடுவில் ஒரே ஒரு சிவப்பு, கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் பச்சைதான். அம்மா பாடிய தாலாட்டு அது என்று எனக்கே அடையாளம் தெரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அக்கா அவர்கள் வாயைப் பார்த்துத்தான் முடிந்தது என்று தெரிந்துகொண்டாள். மகளிடம் போய், "பிள்ளைக்குக் கேட்டுச்சா" என்று மட்டும் கேட்டாள். மகள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மகளை அழைத்துக்கொண்டு வேனில் ராஜபாளையம் திரும்பினோம். டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்ததால் முன்னால் இருந்தவர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் தொண்டை வற்றக் கத்திக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் நானும் அக்காவும் கையால் பேசிக்கொண்டு வந்தோம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். பத்து விரலைக் காட்டினாள், மடக்கி, இன்னும் ஐந்து காட்டினாள். பதினைந்து வருஷம். எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை ஃபோன்களெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. என் மகன் பரீட்சையில் தேறியதைச் சொன்னேன், என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கிறது. அவள் வந்து பார்க்கவில்லை என்று அந்த ஆபரேஷனுக்காக நான் ஆறு மாதம் உள்ளுக்குள் கோபமாக இருந்தேன். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கல்யாணத்தில் சம்பந்தி என்ன கேட்டதாக நினைத்தாய் என்று கேட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்று நினைத்தாளாம். பந்தியில் உட்கார்ந்தவளிடம் வேறு என்ன கேட்பார்கள்?

"கேக்கலைன்னு சொல்லிருக்கலாம்லா யக்கா?"

"மக வாக்கப்பட்ட வீட்டுல போயி செவிடின்னு பேர் எடுக்கச் சொல்லுதியா? அதுக்கு இதப் படிச்சிரலாம்னு நெனச்சேன்."

காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிடச் சங்கீதம் கற்றுக்கொள்வது சுலபம் என்று முடிவு பண்ணியிருக்கிறாள். அதில் பாதிக் கிணறு தாண்டியும் விட்டாள்.

மறுநாளே தேக்குப் பெட்டியில் துளை போட்டு விளக்கு இரண்டையும் திரும்ப வைத்தேன், சிப்பில் பழைய ஏற்பாட்டை ஏற்றினேன். காது டாக்டர், கருவி வைத்தால் ஓரளவு கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவதை விட்டுவிட்டேன். நேரில் போய், எதிரே உட்கார்ந்து, முகத்தைக் காட்டிப் பேசுகிறேன். போன வாரம் காய் நறுக்க ஒரு விசேஷ வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்றேன், மாட்டேன் என்றாள். என் வீட்டில் நாலு நாள் வந்து இரு என்றேன். மாட்டேன், நீங்கள் ரெண்டு பேரும் ரொம்பப் பேசுவீர்கள் என்றாள். கருவி வாங்கிவிடலாமா என்றேன். அதில் லைட் உண்டா என்று கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் என்றாள். பேரப்பிள்ளை வரப்போகிற கர்வத்தில் அக்கா மாறிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். மாறவெல்லாம் இல்லை. இப்போதுதான் நாங்கள் கேட்பது அவளுக்குத் தெரிகிறது. பாதிக்கு மேல் மாட்டேன் என்கிறாள்.